கதிரையில் இருக்கிற ஜனாதிபதியும் இறங்கின ஜனாதிபதியும்

உயர் நீதிமன்றத்தைப் பற்றிக் கதை வந்தால் எங்களுக்குள்ள ரெண்டு பக்கம்தான். ஒரு பக்கம், “நீதிமன்றத்துக்குள்ள அரசியலைக் கொண்டு வராதேங்கோ” எண்டு சொல்லும். மற்றப் பக்கம், “எல்லாம் அவங்கட ஆக்கள்தான், தீர்ப்பு முதலே எழுதியாச்சு” எண்டு கையை விரிக்கும். ரெண்டுமே தீர்ப்பை வாசிக்காமல் தப்பிக்கிற வழிகள்.

எந்தக் கட்சிக்கு எத்தனை தீர்ப்பு என்று எண்ணுவதை விட்டுவிட்டு வேறொன்றைக் கேட்டுப் பார்ப்போம். ஆள் மாறினாலும் நீதிமன்றம் அதே சட்டக் கொள்கையை அதே உறுதியோடு பிடிக்கிறதா? ஜனாதிபதியின் அதிகாரத்துக்கு எல்லை உண்டு என்ற கொள்கையையே எடுத்துக்கொள்வோம்.

2006 செப்டெம்பரில் சிங்கராசா வழக்கின் தீர்ப்பு வந்தது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் பெறப்பட்ட ஒப்புதல் வாக்குமூலத்தை வைத்து அவருக்கு நீண்டகாலச் சிறை விதிக்கப்பட்டிருந்தது. சிங்களத்தில் எழுதப்பட்ட அந்த வாக்குமூலத்துக்கு அவர் விரல் அடையாளம்தான் வைத்தார். அது வற்புறுத்திப் பெறப்பட்டது என்று நிரூபிக்கும் சுமையும் அவர் தலையிலேயே விழுந்தது. ஐ.நா. மனித உரிமைகள் குழு இதில் உரிமை மீறல் நடந்திருக்கிறது என்றது. எங்கட உயர் நீதிமன்றமோ, அந்தக் குழுவிடம் தனிநபர் முறையிட வழிசெய்த நெறிமுறையில் 1997இல் இலங்கை இணைந்ததே அரசியலமைப்புக்கு முரண், ஜனாதிபதிக்கு அந்த அதிகாரம் இல்லை என்றது.

அடுத்த மாதமே வடக்கு கிழக்கு இணைப்பு செல்லாது என்ற தீர்ப்பு. 1988இல் ஜே.ஆர். ஜயவர்தன அவசரகால விதிகளைப் பயன்படுத்திப் பாராளுமன்றச் சட்டத்தை மாற்றியது பிழை என்பது அதன் சாரம். சும்மா சொல்லக்கூடாது, இந்தத் தர்க்கம் நாங்களும் ஏற்கக்கூடிய ஒன்றுதான். அவசரகாலச் சட்டத்தால் அதிகம் பட்டவர்கள் நாங்கள்தானே. ஆனால் இரண்டு தீர்ப்பையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டுமே ஜனாதிபதிக்கு எல்லை போட்டன. இரண்டிலும் எல்லை மீறியதாகச் சொல்லப்பட்டவர் முன்னாள் ஜனாதிபதி. இரண்டிலும் இழந்தது தமிழர். அப்போது கதிரையில் இருந்தவருக்கு ஒரு நட்டமும் இல்லை.

இனி 2010க்கு வருவோம். போர் வெற்றியின் உச்சத்தில் 18ஆவது திருத்தம் அவசர சட்டமூலமாக வந்தது. ஒருவர் இரண்டு தடவைதான் ஜனாதிபதியாகத் தெரிவாகலாம் என்ற வரம்பு போனது. அரசியலமைப்புப் பேரவையும் போனது. சர்வஜன வாக்கெடுப்புத் தேவையில்லை, மூன்றில் இரண்டு போதும் என்றது உயர் நீதிமன்றம். நாலு வருடத்துக்கு முன் அவ்வளவு தெளிவாகத் தெரிந்த எல்லை இப்போது கண்ணில் படவில்லை.

2018இல் மைத்திரிபால சிறிசேன பாராளுமன்றத்தைக் கலைத்தபோது ஏழு நீதியரசர்கள் ஏகமனதாக அது அரசியலமைப்புக்கு முரண் என்றார்கள். நல்ல தீர்ப்பு, மறுக்க ஏலாது. அவர் கதிரையில் இருந்தவர்தான், ஆனால் பாராளுமன்றப் பெரும்பான்மை அவருக்கு எதிராக நின்றது. 2023 நவம்பரில் பொருளாதார நெருக்கடிக்கு ராஜபக்ச சகோதரர்கள் பொறுப்பு என்று தீர்ப்பு வந்தபோது கோட்டாபய பதவி விலகி ஒரு வருடத்துக்கு மேலாகியிருந்தது.

ஆகவே இந்த நீதிமன்றம் ஒரு கட்சியின் ஆள் என்று சொல்வது பிழை. அது காற்றின் பக்கம் பார்க்கிறது. அதிகாரம் ஒரே கையில் குவிந்திருக்கும்போது மெதுவாகக் கதைக்கிறது. அதிகாரம் பிளந்திருந்தால், அல்லது விழுந்துவிட்டால், நிமிர்ந்து நிற்கிறது. தமிழருக்கு இதில் இன்னொரு சிக்கல் உண்டு. தெற்கில் ஆட்சி மாறும், காற்றும் மாறும். பெரும்பான்மை பெரும்பான்மையாகவேதான் இருக்கும்.

“அப்ப 2012?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. திவிநெகும சட்டமூலத்தில், மாகாண சபைகளின் அதிகாரத்தைத் தொடுவதென்றால் அவற்றின் கருத்தைக் கேட்க வேண்டும் என்று நீதிமன்றம் நின்றது. வட மாகாணத்தில் தெரிவுசெய்யப்பட்ட சபை இல்லாத நேரத்தில் ஆளுநரின் சம்மதம் போதாது என்றும் சொன்னது. அப்போதைய பிரதம நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்க 2013 ஜனவரியில் குற்றப் பிரேரணை மூலம் நீக்கப்பட்டார். 18ஆவது திருத்தத்தை ஆராய்ந்த அமர்வுக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. எந்த முடிவுக்கு என்ன விலை என்பதை மற்ற நீதியரசர்களும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பார்கள்.

அதனால்தான் நல்ல நீதியரசர் வந்தால் சரியாகிவிடும் என்ற கதையில் எனக்கு நம்பிக்கை இல்லை. 225 பேரில் 113 பேர் கை உயர்த்தினால் ஒரு நீதியரசரை வீட்டுக்கு அனுப்பலாம் என்ற ஏற்பாடு இன்றும் இருக்கிறது. 80(3)ஆம் உறுப்புரையின்படி ஒரு சட்டம் நிறைவேறியபின் எந்த நீதிமன்றமும் அதன் செல்லுபடியைக் கேள்வி கேட்க முடியாது. பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979இலிருந்து உயிரோடு இருப்பதில் இதற்கும் பங்கு உண்டு. புதிய அரசியலமைப்பு பற்றிக் கதைக்கிறவர்களிடம் நாங்கள் முதலில் கேட்கவேண்டியது இந்த ரெண்டையும்தான்.

மற்றது, இந்தத் தீர்ப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் கிடக்கின்றன. ஆளாளுக்கு ஒன்றை எடுத்து நாலு பக்கம் தமிழில் எழுதினாலே, “அவங்கட ஆக்கள்” என்று சொல்லிவிட்டு எழும்பிப் போவது கொஞ்சம் கஷ்டமாகும்.