யாருடைய மொழியில் சப்டைட்டில்?

திருகோணமலையின் உள்துறைமுகத்தை அண்டிய எங்கள் பகுதிக்கு இரண்டு பெயர்கள் உண்டு. ஆங்கிலத்தில் ஓர்ஸ் ஹில், தமிழில் உவர்மலை. கடித உறையில் ஒன்றை எழுதுவோம்; முச்சக்கர வண்டிச் சாரதியிடம் மற்றதைச் சொல்வோம். தமிழ்ப் பெயரைச் சொல்வதால் ஆங்கிலப் பெயரின் மதிப்புக் கெட்டுவிட்டது என்று இங்கே எவரும் வழக்காடியது கிடையாது. ஆனால் ஜப்பானிய அனிமே என்று வந்துவிட்டால் மட்டும், தமிழில் பேசினால் மூலம் மாசுபட்டுவிடும் என்று சொல்ல ஒரு கூட்டம் புறப்பட்டு வருகிறது. அந்தக் கூட்டத்தோடுதான் இன்றைய எனது வழக்கு.

கடந்த மாரிகாலத்தில் எனது மகள் சில நாட்கள் வைத்தியசாலையில் தங்க நேர்ந்தது. ஆறு வயதுப் பேத்தி என்னோடு இருந்தாள். பிள்ளையின் மனத்தைத் திருப்புவதற்காக ஹயாவோ மியாசாகியின் 'மை நெய்பர் டோட்டோரோ' (1988) படத்தைப் போட்டேன். இரண்டு சிறுமிகள், அவர்களுடைய தாய் வைத்தியசாலையில் இருக்கிறாள். எனக்குக் கிடைத்த பிரதியில் ஜப்பானியக் குரலும் ஆங்கில சப்டைட்டிலும் மட்டுமே இருந்தன. தாய் வீடு திரும்புவது தள்ளிப்போகிறது என்ற செய்தி வந்து, அதுவரை அடக்கிவைத்திருந்த மூத்த பிள்ளை உடைந்து அழுகிற இடம் வந்தது.

"அம்மப்பா, அந்தப் பிள்ளை என்ன சொல்லுது? அதின்ட அம்மா வருவாவோ?"

நான் ஆங்கிலத்தை வாசித்து, மனத்துக்குள் தமிழாக்கி, வாயால் சொல்வதற்குள் காட்சி மாறிவிட்டது. படம் முழுவதும் நான் ஒரு வசனம் பின்தங்கியே இருந்தேன். பிள்ளையோ திரையைப் பார்ப்பதை விட்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சில அனிமேக்கள் சப்டைட்டிலோடு மட்டும் வெளிவருவதற்குச் சொல்லப்படும் காரணங்களை நேர்மையாகவே பார்ப்போம்.

முதலாவது, செலவு. டப்பிங் என்பது வசனத்தை மொழிபெயர்ப்பதோடு முடிகிற காரியமன்று. பாத்திரத்தின் வாயசைவுக்கும் காட்சியின் நீளத்துக்கும் ஏற்ப வசனத்தை வெட்டிச் செதுக்க வேண்டும். குரல் நடிகர்கள், அவர்களை நெறிப்படுத்துபவர், ஒலிப்பதிவுக் கூடம், இறுதி ஒலிக்கலவை எல்லாம் வேண்டும். பேச்சு நீங்கலாக இசையும் பின்னணி ஒலிகளும் தனித்தடமாகக் கிடைக்காத பழைய படமென்றால், அவற்றையும் புதிதாக ஆக்கவேண்டும். இவற்றுக்கு மேல், உரிமைகள் மொழிவாரியாகவும் நாடுவாரியாகவும் விற்கப்படுகின்றன. சப்டைட்டிலுக்கோ ஒரு மொழிபெயர்ப்பாளரும், வரிகளுக்கு நேரம் குறிப்பவரும், பிழை பார்ப்பவரும் இருந்தால் பெரும்பகுதி வேலை முடிந்தது.

இரண்டாவது, வேகம். ஜப்பானில் ஒளிபரப்பாகும் அன்றே உலகெங்கும் வெளியிடவேண்டுமென்றால் சப்டைட்டில்தான் தோதானது. டப்பிங்குக்கு வாரக்கணக்கு வேண்டும். எனவே முதலில் சப்டைட்டில், கூட்டம் சேர்ந்தால் பிறகு டப்பிங் என்பது வணிகரின் கணக்கு. இந்தக் கணக்கோடு எனக்குப் பெரிய சண்டையில்லை.

எனது சண்டை மூன்றாவது காரணத்தோடு. "மூலத்துக்கு மரியாதை" என்கிறார்களே, அதனோடு. இந்த அச்சத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. மியாசாகியின் 'நௌசிகா' (1984) படத்தை அமெரிக்காவில் 1985இல் கண்டபடி வெட்டிச் சுருக்கி, 'வாரியர்ஸ் ஆஃப் த விண்ட்' என்று பெயரும் மாற்றி வெளியிட்டார்கள். அந்த அனுபவத்துக்குப் பின்னர் ஜிப்லி நிறுவனம் தன் படங்களில் எவரும் கத்தரி வைக்கக்கூடாது என்பதில் கண்டிப்பாக நின்றது. நியாயமே. ஆனால் குற்றம் செய்தது கத்தரிக்கோல், மொழியன்று. அதே ஜிப்லியின் 'பிரின்செஸ் மொனோனோகே' 1999இல் ஆங்கிலக் குரல்களோடு வெளியானது; அதற்கு ஆங்கில வசனம் எழுதியவர் நீல் கெய்மன். ஆங்கிலம் பேசினால் மூலம் பிழைத்துக்கொள்ளும், தமிழ் பேசினால் செத்துவிடும் என்பது எந்த ஊர் நியாயம்?

பத்திரிகை மேசையில் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவன் நான். இரவு வேளைகளில் ராய்ட்டர் செய்திகள் ஆங்கிலத்தில் வந்து குவியும். காலையில் வாசகன் கையில் அவை தமிழாக இருக்கவேண்டும். அவசரத்தில் பிழைகள் விட்டிருக்கிறோம், திட்டும் வாங்கியிருக்கிறோம். ஆனால் "மூலத்தின் மாண்பைக் காப்பதற்காக ஆங்கிலத்திலேயே அச்சிடுகிறோம்" என்று எந்த ஆசிரியரும் சொன்னதில்லை. மொழிபெயர்ப்பு மோசமென்றால் நல்ல மொழிபெயர்ப்பாளனைத் தேடவேண்டும். மொழிபெயர்ப்பையே நிறுத்திவிடுவது மரியாதையன்று, சோம்பல்.

நிற்க. இதைவிடப் பெரிய சூழ்ச்சி ஒன்று இந்த விவாதத்துக்குள் ஒளிந்திருக்கிறது. சப்டைட்டிலா, டப்பிங்கா என்று நம்மவர்கள் காரசாரமாக மோதுகிறார்கள். எந்த மொழியில் சப்டைட்டில் என்று கேட்பவர்கள் எத்தனை பேர்? ஆங்கிலத்தில்தான் என்பதை நாம் கேள்வியின்றி ஏற்றுக்கொண்டுவிட்டோம். 1998இல் ரஜினிகாந்தின் 'முத்து' ஜப்பானியத் திரையரங்குகளுக்குப் போனபோது, அங்கே தமிழ்க் குரல் அப்படியே ஒலித்தது. திரையில் ஓடிய எழுத்தோ ஜப்பானிய மொழி. மூலத்துக்கும் மரியாதை, பார்ப்பவனுக்கும் மரியாதை. நமக்குக் கிடைப்பது என்ன? ஜப்பானியனின் குரல், ஆங்கிலேயனின் எழுத்து. இடையில் தமிழனுக்கு இருக்கை மட்டும்.

தமிழ் சப்டைட்டிலுக்கு ஒலிப்பதிவுக் கூடம் வேண்டாம், குரல் நடிகர்கள் வேண்டாம். செலவு என்ற சாக்கு இங்கே மிகவும் மெலிந்துவிடுகிறது. செவிப்புலனற்ற தமிழ்ப் பிள்ளைக்கு அதுதான் ஒரே வழியும்கூட. ஆனால் எழுத்துக் கூட்டிப் படிக்கும் ஆறு வயதுக்கும், கண் மங்கிய எழுபது வயதுக்கும் எந்த மொழிச் சப்டைட்டிலும் உதவாது. அவர்களுக்குக் குரல் வேண்டும்.

அது இயலாத காரியமா? ஜப்பானின் உதவியோடு எழுந்த ரூபவாஹினி 1982இல் ஒளிபரப்பைத் தொடங்கியது. அங்கே டைட்டஸ் தொட்டவத்த என்ற கலைஞர் அயல்நாட்டுக் கார்ட்டூன்களைச் சிங்களத்தில் பேசவைத்தார். பக்ஸ் பனி முயல் 'ஹா ஹா ஹரி ஹாவா' ஆனது. ஒரு தலைமுறையே அதைத் தன் ஊர் முயலாக எண்ணி வளர்ந்தது. அது கலையை அழித்தது என்று சொல்லும் சிங்கள நண்பர் ஒருவரையும் நான் சந்தித்ததில்லை. தமிழகத்திலும் 2007இல் வந்த சுட்டி டிவி, வேற்றுமொழிக் கார்ட்டூன்களைத் தமிழில் பேசவைத்துப் பிள்ளைகளை வீட்டுக்கு வீடு கட்டிப்போட்டது. 2025 செப்டம்பரில் 'டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காசில்' இந்தியத் திரையரங்குகளுக்குத் தமிழ்க் குரலோடும் வந்தது. வானம் இடிந்து விழவில்லை.

ஆகவே நான் கேட்பது மூன்றே. எந்த அனிமே வந்தாலும் தமிழ் சப்டைட்டில் அதனோடு வரட்டும். சிறுவர்க்கான படமென்றால் தமிழ்க் குரலும் சேர்ந்து வரட்டும். மூலக்குரலும் பக்கத்திலேயே இருக்கட்டும். வேண்டியவர் வேண்டியதைக் கேட்கட்டும். இவற்றை நாமே கேட்காவிட்டால் எவரும் தரப்போவதில்லை. சந்தா கட்டுகிற ஒவ்வொருவரும், எங்கே வாழ்ந்தாலும், தமிழ் எங்கே என்று அந்த நிறுவனங்களுக்கு எழுதிக் கேட்கவேண்டும். கேட்பாரற்ற மொழிக்குக் கணக்கேட்டில் பக்கம் ஒதுக்கமாட்டார்கள்.

மகள் சுகமாகி வீடு திரும்பிவிட்டாள். பேத்தி அந்தப் படத்தை மீண்டும் பார்க்கவேண்டும் என்கிறாள், ஆனால் ஒரு நிபந்தனையோடு: "அம்மப்பா, நீங்கள் முதலே முழுக்கதையும் சொல்லிப்போட்டுப் போடுங்கோ."

சொல்லிவிட்டேன். எல்லாப் பிள்ளைகளுக்கும் பக்கத்தில் இருந்து கதை சொல்ல ஓர் அம்மப்பா இருக்கமாட்டார்.