பழைய துப்பாக்கி எங்கே போயிற்று?

1997 பிப்ரவரி 28 அன்று லாஸ் ஏஞ்சல்ஸில், கவச உடை தரித்த இரண்டு பாங்குக் கொள்ளையரிடம் போலீசாரின் ஷாட்கன் பலிக்கவில்லை. பிறகென்ன? பென்டகன் 600 எம்-16 ராணுவ ரைபிள்களை வாரிக் கொடுத்தது! மற்ற நகரப் போலீசாரும் ரைபிளுக்கு மாறினர்.

ரோந்துக் காரிலிருந்து இறக்கிய ஷாட்கன் உலைக்களத்துக்கா போயிற்று? இல்லை. ஈயக் குண்டுகளைத் துணிப் பையில் அடைத்து, அதற்கு "உயிர் குடிக்காத தோட்டா" என்று நாமகரணம் சூட்டி (கருணையைப் பாருங்கள்!), பல ஊர்களில் பழைய ஷாட்கன்களிலேயே திணித்தார்கள். போலீஸ்காரனின் முழங்காலடியில் மூச்சுத் திணறி மாண்ட ஜார்ஜ் பிளாயிடுக்கு நீதி கேட்டு, 2020 மே மாதம் ஆஸ்டின் நகரில் திரண்ட மக்கள் மீது இந்தத் தோட்டாதான் பாய்ந்தது. ஒரு மாணவனின் மண்டை ஓடு உடைந்தது.

நாம் கேட்கிறோம்: அவன் எந்த பாங்கைக் கொள்ளையடித்தான்? எந்தக் கவசம் தரித்திருந்தான்?