விவாகத்தின் விலை 27 மதிப்பெண்

அந்நிய தேசத்தில் குடியேற விரும்புகிற ஒருவனுடைய நிறத்தையும் பிறந்த நாட்டையும் பாராமல், அவனுடைய கல்வி, தொழில், பாஷா ஞானம், வயது ஆகியவற்றுக்கு மதிப்பெண் வழங்கி, அந்த மதிப்பெண்ணைக் கொண்டே அவனை ஏற்பதா மறுப்பதா என்று நிர்ணயிக்கும் முறையை 1967ஆம் ஆண்டில் உலகத்திலேயே முதன்முதலாக நடைமுறைக்குக் கொண்டுவந்த பெருமை கனடாவுக்கு உரியது. 1914ஆம் ஆண்டில் 376 பிரயாணிகளோடு வான்கூவர் துறைமுகத்துக்கு வந்து நின்ற கோமகட்டா மாரு என்ற கப்பலை, வந்தவர்கள் இந்தியர்கள் என்பதைத் தவிர வேறு பெரிய குற்றம் எதுவும் காணாமலே, வெகு சிலரை மட்டும் இறங்கவிட்டுத் திருப்பி அனுப்பிய அதே தேசம், அரை நூற்றாண்டுக்குச் சற்றுக் கூடுதலான காலத்துக்குள் இத்தகைய ஒரு விதியைத் தனக்குத்தானே இயற்றிக்கொண்டது என்பதை எண்ணிப் பார்க்கிற எவரும் மதிப்பெண் முறையை லேசாகப் பழித்துவிட மாட்டார்கள். நானும் பழிக்கவில்லை. ஆனால் 2015 ஜனவரி முதல் அமலில் இருக்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற அதன் இன்றைய வடிவத்தில், விவாகமான விண்ணப்பதாரர்கள் விஷயத்தில் மட்டும், ஒரு விபரீதமான கணக்கு புகுந்திருக்கிறது. சென்னையிலும் கோவையிலும் பி.ஆர். என்கிற நிரந்தரவாச உரிமை வாங்கித் தருவதாகப் பலகை மாட்டியிருக்கும் அலுவலகங்களில் அந்தக் கணக்கே இப்போது சம்சாரங்களின் போக்கைத் தீர்மானித்துக்கொண்டிருக்கிறது.

அந்த ஏற்பாட்டில் இரண்டு கட்டங்கள் உண்டு. வெளிநாட்டிலிருந்தபடி விண்ணப்பிக்கிற தொழில் வல்லுநர், முதற்கட்டத்தில் 100க்கு 67 மதிப்பெண் பெற்றாக வேண்டும். இந்தக் கட்டத்தில் விவாகத்துக்காக எதுவும் குறைக்கப்படுவதில்லை. மனைவிக்குச் சொற்ப ஆங்கிலம் தெரிந்திருந்தால்கூட 5 மதிப்பெண் கூடுகிறது. இரண்டாம் கட்டமாகிய 1,200 மதிப்பெண் தரவரிசையில்தான் கணக்கு மாறுகிறது. தனியனாக வருகிறவனுடைய வயது, படிப்பு, பாஷை, கனடிய அனுபவம் ஆகியவற்றுக்கு அங்கே 500 வரை கிடைக்கக்கூடும். மனைவியோடு வருகிறவனுக்கோ அதே யோக்கியதைகளுக்கு 460தான் உச்சம். மீதி 40, மனைவியின் படிப்புக்கு 10, பாஷைக்கு 20, கனடாவில் வேலை பார்த்த அனுபவத்துக்கு 10 என்று அவள் பெயரில் ஒதுக்கிவைக்கப்பட்டிருக்கிறது. அவள் அதைச் சம்பாதித்துத் தந்தால் குடும்பத்துக்கு நஷ்டமில்லை. தராவிட்டால் கணவனுடைய மதிப்பெண்ணிலிருந்து போனது போனதுதான்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்ளலாம். முப்பது வயது இளைஞர், எம்.இ. பட்டதாரி, மூன்று ஆண்டுகளுக்கு மேல் இந்தியாவில் வேலை பார்த்தவர், ஐ.ஈ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வில் கேட்டலுக்கு 8உம் மற்ற மூன்றுக்கும் 7உம் வாங்கியவர். அவர் பிரம்மசாரியாயிருந்தால் தரவரிசையில் அவருக்கு 464 கிடைக்கிறது. விவாகமாகி, மனைவியின் பெயரையும் சேர்த்து, அவளுக்குத் தேர்வோ சான்று மதிப்பீடோ எதுவுமில்லாமல் விண்ணப்பித்தால் 437. வயதில் 10, படிப்பில் 9, பாஷையில் 8 என்று குறைந்து, மாங்கல்யத்தின் கணக்கில் 27 பற்று எழுதப்படுகிறது. ஆனால் அந்த மனைவி தன் பி.ஏ. பட்டத்துக்கு மதிப்பீடு வாங்கி, கணவனுக்குச் சமமாக ஆங்கிலத் தேர்விலும் தேறிவிட்டால் 8உம் 20உம் சேர்ந்து 28 வருகிறது. தம்பதியின் மதிப்பெண் 465 ஆகிறது. பிரம்மசாரியை விட ஒன்று அதிகம்! இந்தக் கடைசி எண்ணைப் பல வீடுகளில் யாரும் போட்டே பார்ப்பதில்லை என்பது என் அபிப்பிராயம்.

27 மதிப்பெண் ஒரு பெரிய விஷயமா என்று கேட்கலாம். தரவரிசையில் மேலே நிற்பவர்களை விண்ணப்பிக்கச் சொல்லும் பொது அழைப்புகளின் எல்லைக்கோடு அண்மை ஆண்டுகளில் பெரும்பாலும் 500ஐத் தாண்டியே நின்றிருக்கிறது; ஆகவே மேற்சொன்ன இளைஞர் எந்தக் கணக்கிலும் கூடுதல் மதிப்பெண்ணுக்காக மாகாணப் பரிந்துரையையோ பிரெஞ்சு பாஷையையோ நாட வேண்டியவர்தாம். ஆனால் இந்த எண்கள் ஒருநாளும் ஓரிடத்தில் நிற்பவை அல்ல. 2021 பிப்ரவரி 13ஆம் தேதி, ஏற்கெனவே கனடாவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கென நடந்த அழைப்பில், 75 மதிப்பெண் வைத்திருந்தவர்கள் வரை 27,332 பேருக்கு ஒரே நாளில் கதவு திறந்தது. எல்லைக்கோடு எங்கே விழும் என்று யாரும் அறியாத ஓர் ஆட்டத்தில், கோட்டுக்கு ஒன்றிரண்டு எண் கீழே நிற்கிறவர்களுக்கு 27 என்பது உயிர்நிலை. அந்த இடத்தில்தான் ஆலோசகர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, “மேடத்தை இப்போதைக்கு நான்-அக்கம்பனியிங்னு போட்டுடலாம் சார், போய்ச் சேர்ந்ததும் ஸ்பான்சர் பண்ணிக்கலாம்” என்கிறார்.

மனைவி கூட வரப்போவதில்லை என்று எழுதினால் தனியனுக்குரிய கணக்கே அவருக்குப் பொருந்தும். இதைச் சட்டமே அனுமதிக்கிறது. வயதான பெற்றோரைப் பார்த்துக்கொள்ளவோ, பாதியில் நிற்கும் படிப்பை முடிக்கவோ, விட மனமில்லாத உத்தியோகத்துக்காகவோ மனைவி பின்தங்குவது உண்மையானால் அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் உண்மையில்லாதபோது, அடுத்த மாதமே விமானம் ஏறக் காத்திருக்கிறவளை வராதவள் என்று எழுதுவது, உண்மைக்கு மாறான தகவல் கொடுத்தவர்களை ஐந்து ஆண்டுகள் விலக்கிவைக்கிற ஒரு சட்டத்தின் முன்னே விளையாடுவதாகும். மனைவி ஏற்கெனவே டொரான்டோவில் அவருடைய வீட்டிலேயே குடியிருந்துகொண்டு வேலைக்கும் போய்க்கொண்டிருக்கையில் இப்படி எழுதிவைத்தால், அதைப் படிக்கிற அதிகாரி புருவத்தை உயர்த்தாமல் இருப்பாரா? அவள் வராவிட்டாலும் அவள் பெயரைச் சொல்லியே ஆக வேண்டும், அவளுக்கும் வைத்தியப் பரிசோதனை நடந்தே ஆக வேண்டும் என்பதைச் சில வீடுகளில் அறிவதேயில்லை; மறைத்துவிட்டு, அல்லது பரிசோதனையைத் தவிர்த்துவிட்டுப் போகிறவர், பிற்பாடு அந்த மனைவியைக் குடும்ப வகையில் வரவழைக்கும் உரிமையையே பொதுவாக இழந்துவிடுகிறார்.

எல்லாம் ஒழுங்காக நடந்தாலும் வரவழைப்பது என்பது வேறொரு விண்ணப்பம், வேறொரு கட்டணம், வேறொரு காத்திருப்பு. வரவழைக்கிற நிரந்தரவாசி கனடாவில் வசித்தாக வேண்டும்; ஊருக்கு வந்து ஆறு மாதம் கூட இருந்துவிட்டுப் போகலாம் என்பது அவருக்கு எளிதில் இயலாது. குழந்தை இருந்தால் அதுவும் பெரும்பாலும் தாயோடு இங்கேயே நிற்கும். 1983க்குப் பின் யுத்தத்தால் துரத்தப்பட்டு அகதிகளாக டொரான்டோவுக்கும் மொன்றியலுக்கும் போய்ச் சேர்ந்த ஈழத்தமிழர்களில் எத்தனையோ பேர், மனைவி மக்களை விட்டுப் பிரிந்து வருஷக்கணக்காகக் காத்திருந்தார்கள். அவர்களுக்கு வேறு வழியில்லை. வழியிருக்கிறவர்கள் ஒரு பட்டியலில் சில படிகள் ஏறுவதற்காக அதே பிரிவைத் தாமே விலைகொடுத்து வாங்குவது எனக்குச் சம்மதமாகப்படவில்லை.

சர்க்கார் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. மனைவி என்பவள் கணவனுடைய பெட்டி படுக்கையோடு வந்து இறங்குகிற ஒரு சாமான் அல்ல, அவளும் அங்கே உழைத்து, சம்பாதித்து, வரி செலுத்தப்போகிற ஒரு பிரஜை, ஆகவே குடும்பத்தின் எதிர்காலத்தைக் கணிக்கிறபோது அவளுடைய கல்வியையும் பாஷையையும் கணிக்கத்தான் வேண்டும் என்கிற வாதத்தை நான் மனப்பூர்வமாக ஏற்கிறேன். மனைவியைக் கணக்கில் சேர்த்தது பிசகல்ல. அவளை விட்டுவிட்டு வருவது லாபம் என்று ஆகும்படி கணக்கை அமைத்ததே பிசகு. ஆஸ்திரேலியாவைப் பாருங்கள். 2019 நவம்பரில் திருத்தப்பட்ட அவர்களுடைய முறையில், தகுந்த தொழில் திறமையுள்ள துணைக்கு 10, ஆங்கிலம் மட்டும் தெரிந்த துணைக்கு 5, துணையே இல்லாதவருக்கு 10 என்று இருக்கிறது. அங்கேயும் படிப்பில்லாத மனைவியை உடையவனுக்கு நஷ்டந்தான். ஆனால் தனியனுக்குரிய 10ஐப் பெற அவன் மெய்யாகவே தனியனாயிருக்க வேண்டும். மனைவியை ஊரில் நிறுத்திவிட்டுத் தனியன் என்று எழுத முடியாது. அந்தக் கணக்கு விவாகம் உண்டா இல்லையா என்று பார்க்கிறது. கனடாவின் கணக்கு விமானத்தில் எத்தனை பேர் என்று பார்க்கிறது. கடுமை இரண்டிலும் உண்டு. தம்பதியைப் பிரிக்கத் தூண்டுவது இரண்டாவதுதான்.

நம் வீடுகளின் பங்கையும் சொல்லத்தான் வேண்டும். விண்ணப்பம் என்று பேச்செடுத்த மாத்திரத்தில் கணவன் மெயின் அப்ளிகன்ட், மனைவி டிபென்டென்ட் என்பது யாரும் கேளாமலே முடிவாகிவிடுகிறது. சட்டத்தில் அப்படி ஒரு விதி கிடையாது; இருவரில் யார் வேண்டுமானாலும் முதன்மை விண்ணப்பதாரராகலாம். முப்பதைத் தொட்டவுடன் ஒவ்வொரு பிறந்தநாளும், மனைவியோடு வருகிறவருக்கு, 5 மதிப்பெண்ணைக் கொண்டுபோய், நாற்பதுக்குமேல் 10, 10 ஆகக் கரைத்து, 45இல் வெறும் பூஜ்யமாக்கிவிடுகிறது. நான்கைந்து வயது இளையவளாகப் பார்த்துப் பெண் எடுப்பது நம் சம்பிரதாயம். கணவனுக்கு 33, மனைவிக்கு 28 என்றால், வயதுக்கு மட்டும் அவருக்கு 80, அவளுக்கு 100. இருவரும் ஒரே படிப்புப் படித்தவர்களாயிருக்கிற, இன்று சாதாரணமாகிவிட்ட குடும்பங்களில், மனைவியை முன்னிறுத்தியும் ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்ப்பதற்கு ஒரு பென்சிலும் காகிதமும் போதும். குறுக்கே நிற்பது கூச்சம் ஒன்றுதான்.

அவளுடைய காகிதங்களின் கதி வேறு. கணவனுடைய சான்றிதழ்கள் உறைபோட்டு அலமாரியில் இருக்க, அவளுடையவை பிறந்தகத்தில் தேடப்படுகின்றன. கல்யாணத்துக்கு முன் இரண்டு வருஷம் வேலை பார்த்த கம்பெனியில் அனுபவக் கடிதம் வாங்கி வைக்க வேண்டும் என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை. பாஸ்போர்ட்டில் தகப்பனார் பெயரும் பட்டத்தில் வெறும் இனிஷியலுமாக இருப்பதை இணைத்துக்காட்ட ஒரு பிரமாணப் பத்திரம் தேவைப்படுகிறது. தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி விவாகப் பதிவு கட்டாயம். ஆயினும் கல்யாண ஆல்பம் பத்திரமாயிருக்கிற எத்தனையோ வீடுகளில் பதிவுச் சான்று இல்லை. அழைப்பு வந்தபின் விண்ணப்பத்தைப் பூர்த்திசெய்ய 60 நாள்தான் அவகாசம். இந்தக் காகிதங்களைத் திரட்டுவதற்கே அது சில சமயம் போதாது.

கனடாவின் முறையில் மனம்திறந்து போற்றவேண்டிய அம்சம் ஒன்று உண்டு. கூட வருகிற மனைவிக்கு, கரை இறங்கிய அன்றே, கணவனுக்கு உள்ள அதே நிரந்தரவாச அந்தஸ்து அவளுடைய சொந்தப் பெயரில் கிடைக்கிறது. எந்த வேலைக்கும் போகலாம். கணவன் வேலையை இழந்தாலும், விவாகமே முறிந்தாலும், அந்த ஸ்தானம் அதனால் போவதில்லை. அமெரிக்காவில் எச்-1பி விசா உத்தியோகஸ்தரின் மனைவிக்கு, அதுவும் சிலருக்கு மட்டும், வேலை செய்யும் அனுமதி கிடைக்கத் தொடங்கியதே 2015ஆம் ஆண்டில்தான் என்பதை நினைத்தால் இதன் அருமை தெரியும். வந்து இறங்கியவளைச் சமமாக நடத்துகிற ஒரு தேசம், வருமுன் மட்டும் அவளைக் கணவனுடைய மதிப்பெண்ணில் ஒரு கழிவாக வைத்திருப்பது பொருந்தாத காரியம்.

திருத்தம் கடினமானதல்ல. விவாகமான விண்ணப்பதாரர் மனைவியை அழைத்து வந்தாலும் வராவிட்டாலும், தனியன் கணக்கு, தம்பதி கணக்கு ஆகிய இரண்டையும் போட்டு, எது அதிகமோ அதையே அவருக்குக் கொடுத்துவிட்டால், பொய் எழுதுவதற்குக் காரணமே இல்லாமற்போகும்; படித்த மனைவியின் யோக்கியதைக்கும் பலன் குறையாது. இதனால் பிரம்மசாரிகளுக்கு அநீதி நேரும் என்று ஆட்சேபிப்பார்கள். இரு கணக்கிலும் உச்சவரம்பு அதே 500 ஆகையால், உச்சத்தில் நிற்கிற தனியனை எந்தத் தம்பதியும் தாண்ட முடியாது. மேலே சொன்ன உதாரணத்தில் தம்பதிக்கு 465, பிரம்மசாரிக்கு 464. அந்த ஒரு மதிப்பெண்ணும், ஒரு பெண் இரவில் கண்விழித்துப் படித்துத் தேர்வெழுதிச் சம்பாதித்தது.