மணல்வாரியும் மாரியாத்தாளும்

பழவேற்காட்டு மீனவத் தோழர்கள் அறிவில் யாருக்கும் குறைந்தவர்களல்ல. ஏரியில் இன்னார் இன்ன நாளில் இன்ன இடத்தில் வலைபோடுவது என்று பாடு முறை வகுத்துத் தொழில் நடத்துகிறவர்கள். முகத்துவாரம் மணலால் தூர்ந்தால் அம்மனுக்குப் பொங்கலிட்டுச் சும்மா இருக்கிறார்களா? "தூர்வாரிக் கொடு" என்று சர்க்காரையல்லவா கேட்கிறார்கள்! அப்படியிருக்க, குழந்தைக்கு மணல்வாரி என்னும் தட்டம்மை கண்டால் மாத்திரம் "ஆத்தாள் வந்திருக்கிறாள், ஆஸ்பத்திரி கூடாது" என்பவர்கள் குப்பத்திலும் பட்டணத்திலும் இன்னும் இருப்பது என்ன நியாயம் என்று கேட்கிறோம்.

வேப்பிலையோடு நமக்குச் சண்டையில்லை. நோயாளியை ஒதுக்கிவைப்பதும் நல்ல வழக்கமே. ஆனால் தட்டம்மை தோலோடு போகிற நோயல்ல. சுமார் ஆயிரம் பேரில் ஒருவருக்கு மூளை வீங்கி வலிப்பும் மயக்கமும் காணும். பிழைத்தவர்களிலும் சிலர் செவிடாகவோ புத்தி குன்றியோ போவார்கள். இங்கிலாந்தில் ரோல்ட் டால் என்னும் எழுத்தாளரின் 7 வயது மகள் ஒலிவியா 1962-இல் இப்படித்தான் மாண்டாள். தடுப்பூசி அமெரிக்காவில் வந்ததே 1963-இல்தான். இங்கிலாந்தில் மாரியாத்தாளுக்கு என்ன வேலை?

இதைவிடக் கொடியது ஒன்றுண்டு, அபூர்வமானதுதான். தலைக்குத் தண்ணீர் வார்த்து, ஏழெட்டு வருஷமாகி எல்லோரும் மறந்த பிறகு, பையன் படிப்பில் பின்தங்குவான், கைகால் வெட்டி வெட்டி இழுக்கும், நடை தள்ளாடும், பிறகு பேச்சும் நினைவும் போகும். மூளைக்குள் பதுங்கியிருந்த அதே அம்மைக் கிருமியின் வேலை இது. அநேகமாய் எவரும் பிழைப்பதில்லை. இரண்டு வயதுக்குள் அம்மை கண்ட குழந்தைகளுக்கே அபாயம் அதிகம். பெற்றோருக்கோ பழைய அம்மை ஞாபகத்துக்கே வராது. "பேய் பிடித்தது" என்று மந்திரவாதிக்குக் கோழி கொடுத்தால் மூளையிலிருக்கும் கிருமி கோழிக்காகவா இறங்கிவரும்?

பெரியம்மையையும் ஆத்தாள் என்றுதானே சொன்னார்கள்? அது 1975-ஆம் வருஷத்தோடு இந்தியாவை விட்டு ஒழிந்தது. கூழ் ஊற்றியா ஒழிந்தது? ஊசி குத்தியல்லவா!

நிற்க, படித்தவர்கள் யோக்கியதையும் தெரிந்ததே. 2017-இல் தமிழ்நாட்டில் 9 மாதம் முதல் 15 வயது வரை தட்டம்மை-ரூபெல்லா ஊசி போட்டபோது வாட்ஸ்அப்பில் வதந்தி பரவிற்று. எழுதப் படிக்கத் தெரிந்தவர்களே அதை நம்பிப் பிள்ளைகளைத் தடுத்தார்கள். இவர்களுக்கும் கோடாங்கிக்கும் என்ன வித்தியாசம்? அவனாவது உடுக்கை அடிக்கிறான்.

ஊசி இனாம். 9 மாதம் முடிந்ததும் ஒன்று, 16 முதல் 24 மாதத்துக்குள் மற்றொன்று. ஒன்பது மாதம் ஆகாத கைக்குழந்தைக்கு இந்த ஊசி போடுவதில்லை. அதற்குக் காவல், சுற்றியிருப்பவர்களில் நூற்றுக்கு 95 பேராவது போட்டுக்கொண்டிருப்பதுதான். "என் பிள்ளை, என் இஷ்டம்" என்பாரை ஒன்று கேட்கிறோம்: அடுத்த வீட்டுத் தூளியில் கிடக்கும் குழந்தை யாருடைய இஷ்டம்?