தூண் வளரவில்லை, நிலம் தாழ்ந்தது

இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியில் ஹோம் ஃபென் என்னும் இடத்தில் ஓர் இரும்புத் தூண் நிற்கிறது. 1851-இல் அதை மண்ணில் இறக்கியபோது அதன் உச்சி தரைமட்டத்தில் இருந்தது. இன்றோ தரைக்கு மேல் சுமார் 4 மீட்டர் உயர்ந்து நிற்கிறது. அடியிலுள்ள களிமண்ணில் ஊன்றிய தூண் அசையவில்லை. சுற்றியிருந்த நிலம்தான் தாழ்ந்துவிட்டது. ஏன்?

அந்நிலம் 'பீட்' எனப்படும் கரிய மண்ணால் ஆனது. சதுப்பு நீரில் மடிந்த செடிகொடிகள் முழுதும் மக்காமல் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் படிந்து உண்டானது. அவை மக்காததற்குக் காரணம் எளிய பௌதிகமே. ஆக்சிஜன் காற்றில் பரவுவதைவிட நீரில் சுமார் 10,000 மடங்கு மெதுவாகப் பரவுகிறது. ஆக்சிஜன் கிடைக்காவிடில் மக்கச் செய்யும் நுண்ணுயிர்களின் வேலை மந்தமாகிவிடும்.

பயிரிடுவதற்காக வாய்க்கால் வெட்டி அந்த நீரை வடித்தார்கள். மண் முதலில் சுருங்கியது. பிறகு அதனுள் காற்று புகுந்தது; மண்ணிலிருந்த கார்பன், கார்பன்-டை-ஆக்சைடாக மாறி வெளியேறியது. அச்சதுப்புகளில் வாழ்ந்த 'லார்ஜ் காப்பர்' என்னும் செம்புநிற வண்ணத்துப்பூச்சியும் 19ஆம் நூற்றாண்டிலேயே பிரிட்டனில் அற்றுப்போயிற்று.

இது ஓர் ஊரின் கதை மட்டுமன்று. உலக நிலப்பரப்பில் சுமார் 3 சதவீதமே உள்ள பீட் நிலங்கள், எல்லாக் காடுகளின் மரங்களிலும் இருப்பதைவிட அதிகமான கார்பனைச் சேமித்து வைத்துள்ளன.

2001-இல் தொடங்கிய 'கிரேட் ஃபென்' திட்டம், ஹோம் ஃபென், உட்வால்டன் ஃபென் என்னும் இரு இயற்கைக் காப்பிடங்களையும் மீண்டும் ஈரநிலமாக இணைக்க முயல்கிறது. வடிகால்களை அடைத்து நீர்மட்டத்தை உயர்த்துவதே இதன் முக்கிய வேலை.

ஈரமான பீட் மீத்தேனை வெளியிடுமே என்று சிலர் கேட்பர். உண்மைதான். ஆனால் மீத்தேன் வளிமண்டலத்தில் ஏறத்தாழ 12 ஆண்டுகளே தங்கும். கார்பன்-டை-ஆக்சைடின் ஒரு பகுதியோ பல நூற்றாண்டுகள் நீடிக்கும். விளைநிலம் போய்விடாதா என்பது இன்னும் நியாயமான கேள்வி. அங்கே உழவர் பலருக்கு அதுவே வாழ்வு. எனினும் உலர்ந்த பீட்டில் பயிரிடுவது முதலைச் செலவழித்து உண்பது போன்றது. சம்பு, நாணல் போன்றவற்றை ஈரத்திலேயே பயிரிட அங்கு முயன்று வருகிறார்கள். அதற்கு அரசு கைகொடுக்க வேண்டும். இழப்பை உழவர்மேல் மட்டும் சுமத்தக் கூடாது.

மாணவ நண்பர்களே, ஒரு சிறு கணக்குப் போடுங்கள். பீட் ஆண்டுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் வளரும். 4 மீட்டர் வளர 4,000 ஆண்டுகள் ஆகும். ஆகவே போன மண்ணை நாம் காணப்போவதில்லை. எஞ்சியிருப்பதைக் காக்கலாம். அதற்கு, உலகில் எங்கெல்லாம் பீட் உலர்கிறதோ அங்கெல்லாம் முதலில் வாய்க்காலை அடைக்க வேண்டும். மற்ற வேலைகள் பிறகு வரட்டும் என்பதே என் கருத்து.