நுழைவுச் சீட்டும் வரிசையும்

அண்மையில் ஒருநாள் மாலை, முன்னர் என்னிடம் பயின்ற மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்திருந்தான். முகம் வாடியிருந்தது. காரணம் வினவினேன். கொழும்பிலே நடைபெறவிருந்த இசை நிகழ்ச்சியொன்றைக் காண அவன் ஆசைப்பட்டிருக்கிறான். அறுவடைக் காலத்திலே உழைத்துச் சேர்த்த பணம் கையில் இருந்தது. நுழைவுச் சீட்டு விற்பனை இணையத்திலே தொடங்கும் என்று அறிவித்த வேளைக்கு அரைமணி முன்னதாகவே, அலை நன்றாகக் கிடைக்கும் இடந்தேடிக் குளக்கட்டிலே போய் நின்று, கைத்தொலைபேசியைத் திறந்துவைத்துக் காத்திருந்தானாம். வரிசையில் அவன் எத்தனையாவது ஆள் என்பதைத் திரை காட்டிக்கொண்டிருந்தது. எண் மெல்ல மெல்லக் குறைந்தது. அவன் முறை வந்தபோது, சீட்டுகள் யாவும் விற்றுத் தீர்ந்தன என்ற செய்தி தோன்றியது. மறுநாளே அந்த நிகழ்ச்சியின் சீட்டை மூன்று மடங்கு விலைக்குத் தருவதாக முகந்தெரியாத ஒருவரின் விளம்பரம் வந்தது.

“சீட்டுக் கிடைக்கவில்லை என்பதற்காக நான் வருந்தவில்லை ஐயா. வரிசையில் நின்றவனுக்கு இல்லை, நில்லாதவனிடம் இருக்கிறது. அதுதான் பொறுக்க முடியவில்லை” என்றான்.

ஒரு பாட்டுக் கச்சேரிக்கு இத்துணை வருத்தமா என்று முதலில் எண்ணினேன். பின்பு, அவன் கூறிய சொல் என்னைச் சிந்திக்கச் செய்தது. ‘வரிசை’ என்னும் சொல்லுக்குத் தமிழிலே இரு பொருள் உண்டு. ஒருவர்பின் ஒருவராய் நிற்கும் ஒழுங்கு ஒன்று. ஒருவருடைய தகுதியறிந்து செய்யும் மரியாதை மற்றொன்று. புலவரின் தகுதியறிந்து கொடுத்தலை ‘வரிசை அறிதல்’ என்று புறநானூற்றுக் காலத்தவர் கூறினர். சம்பந்திகளுக்கு வரிசை செய்தல் இன்றும் வழக்கிலுள்ளது. ஒழுங்குக்கும் மதிப்புக்கும் ஒரே சொல்லை ஆண்ட முன்னோரின் கருத்து இப்போது நன்கு விளங்குகின்றது. வரிசையில் நிற்பவன் தன் முறை வருமென்று நம்பி நிற்கின்றான். அந்த முறையைத் தட்டிப் பறிப்பவன் அவனது மதிப்பையும் சேர்த்தே பறிக்கின்றான்.

இது குளக்கட்டிலே நின்ற ஓர் இளைஞனின் குறை மாத்திரம் அன்று. அண்மை ஆண்டுகளிலே உலகின் பல பாகங்களிலும் இசை விரும்பிகள் அடைந்த அனுபவம் ஏறக்குறைய இதுவே. அவற்றுள் சிலவற்றை எடுத்து நோக்குவோம்.

முதலில் சென்னை. இசையமைப்பாளர் ஏ. ஆர். ரகுமானின் ‘மறக்குமா நெஞ்சம்’ என்ற நிகழ்ச்சி 2023 ஆகஸ்ட் 12இல் நடைபெற இருந்தது. மழையினால் அது தள்ளிவைக்கப்பட்டு, அவ்வாண்டு செப்டெம்பர் 10ஆம் நாள், கிழக்குக் கடற்கரைச் சாலையிலே பனையூர் என்னுமிடத்திலே நடைபெற்றது. பணம் செலுத்திச் சீட்டுப் பெற்றவர்கள் பலர் வாயிலை அணுகவும் இயலாது திரும்பினர். உள்ளே சென்றவர்களிற் பலருக்குத் தம் சீட்டுக்குரிய இடம் கிடைக்கவில்லை. நெரிசலிலே குழந்தைகளும் முதியோரும் துன்புற்றனர். பெண்கள் சிலர் தமக்கு நேர்ந்த இழிசெயல்களை வெளிப்படையாகவே கூறினர். நடத்திய நிறுவனத்தார் மன்னிப்புக் கோரினர். ரகுமான் அவர்களும், உள்ளே வர இயலாதவர்கள் தம் சீட்டின் பிரதியை அனுப்புமாறு மறுநாள் கேட்டுக்கொண்டார். பணத்தைத் திருப்பிக் கொடுக்கும் ஏற்பாடும் நடந்தது. ஆயினும் பிள்ளைகளின் கைபிடித்து நெடுந்தூரம் நடந்து சென்று, சீட்டைக் கையில் வைத்துக்கொண்டே வெளியே நின்ற ஒரு தகப்பனுக்கு நேர்ந்த அவமானத்தை எந்தப் பணம் ஈடுசெய்யும்?

நுழைவுச் சீட்டு என்பது ஒரு வாக்குறுதி. ‘இன்ன நாளில், இன்ன இடத்தில், உமக்கு ஓரிடம் உண்டு’ என்று ஒருவர் எழுதிக் கொடுத்த உறுதிமொழி அது. கொடுத்த வாக்குகளைத் தாங்க இடமும் ஒழுங்கும் போதாதபோது, வரிசை வாயிலிலேயே அழிந்துவிடுகின்றது. முன்வந்தவன், பின்வந்தவன் என்ற வேறுபாடு நீங்கி, உடல்வலிமை உடையவனே உள்ளே செல்கின்றான்.

இனி மும்பாய் நகருக்குச் செல்வோம். கோல்ட்பிளே என்னும் ஆங்கிலேய ரொக் இசைக்குழுவினர் 2025 சனவரியிலே அங்கு பாடுவதாக இருந்தது. அதற்கான சீட்டுகள் 2024 செப்டெம்பர் 22ஆம் நாள் நண்பகலில் இணையத்திலே விற்பனைக்கு வந்தன. 1 கோடியே 30 இலட்சம் பேர் வாங்க முயன்றனர் என்று விற்பனை நிறுவனம் கூறியது. அரங்கோ ஒரு நாளைக்கு ஏறக்குறைய 50,000 பேரைக் கொள்வது. நிகழ்ச்சிகள் மூன்று. கணக்கிட்டுப் பார்ப்பின், எண்பது பேருக்கு மேல் ஓரிடத்தை நோக்கி நின்றனர் என்பது புலனாகும். இத்தகைய நிலையிலே பெரும்பாலோர் ஏமாற்றமடைதல் இயற்கை. அதனை யாரும் குற்றமென்று கூறார். ஆனால், 2,500 ரூபா முதல் 35,000 ரூபா வரை விலை குறிக்கப்பட்ட சீட்டுகள், விற்றுத் தீர்ந்த சிறுபொழுதிலேயே மறுவிற்பனைத் தளங்களிலே இலட்சக்கணக்கான ரூபாவுக்குக் காணப்பட்டன. இது எவ்வாறு நிகழ்ந்தது என்று பொலிஸார் விசாரிக்கும் அளவுக்குச் சென்றது. இங்கு வாக்குறுதி மிகையாகக் கொடுக்கப்பட்டது என்பதன்று முறைப்பாடு. வரிசையின் முன்னிடத்தைப் பிடித்துப் பின்னிற்போருக்கு விற்கும் வாணிகம் நடந்தது என்பதே முறைப்பாடு.

ஐக்கிய அமெரிக்காவிலும் இந்நிலைதான். டெய்லர் சுவிஃப்ட் என்னும் பாடகியின் நிகழ்ச்சிகளுக்கு 2022 நவம்பர் 15இல் முன்விற்பனை தொடங்கியபோது, டிக்கெட்மாஸ்டர் நிறுவனத்தின் இணையத்தளம் நெருக்குதலைத் தாங்காது தடுமாறியது. பலர் பல மணிநேரம் காத்திருந்து வெறுங்கையோடு எழுந்தனர். 18ஆம் நாள் நடைபெறவிருந்த பொது விற்பனையே கைவிடப்பட்டது. மனிதரைப்போல நடித்துச் சீட்டுகளை வாரிக்கொள்ளும் கணினி நிரல்களும் வந்து மோதியமையை நிறுவனத்தார் ஒரு காரணமாகக் காட்டினர். அத்தகைய நிரல்களை அந்நாடு 2016ஆம் ஆண்டிலேயே சட்டத்தினால் தடுத்திருந்தது என்பது இங்குக் கருதத்தக்கது. 2023 சனவரியிலே இவ்விடயம் அந்நாட்டுச் செனற் சபைக் குழுவின் முன் விசாரணைக்கு வந்தது. அடுத்த ஆண்டு அரசே டிக்கெட்மாஸ்டரின் தாய் நிறுவனத்தின்மீது தனியுரிமை வாணிகம் நடத்துவதாக வழக்குத் தொடுத்தது.

இங்கிலாந்திலே நிகழ்ந்தது வேறொரு வகை. ஒயாசிஸ் என்னும் ரொக் இசைக்குழு பல்லாண்டுப் பிரிவுக்குப் பின் ஒன்றுகூடிப் பாட முன்வந்தது. 2024 ஆகஸ்ட் 31இல் சீட்டு விற்பனை. ஏறக்குறைய 150 பவுண் என்று எண்ணி மணிக்கணக்கிலே இணைய வரிசையில் நின்றவர்கள், தம் முறை வந்தபோது அத்தகைய சீட்டின் விலை 355 பவுணாக இருப்பதைக் கண்டு திகைத்தனர். இங்கு வரிசையிலே குறுக்கிட்டவர் எவருமில்லை. வரிசை அசையாமல் நிற்க, விலை நகர்ந்துவிட்டது. சந்தைக்கு நெல் கொண்டுசென்ற உழவனிடம் காலையில் ஒரு விலை பேசி மாலையில் வேறு விலை கூறும் தரகரை எங்கள் படுவான்கரை நன்கு அறியும். அவரை நாங்கள் நல்ல வணிகர் என்று ஒருநாளும் கூறியதில்லை.

இதற்குப் பொருளியல் கற்றோர் ஒரு விடை கூறுவர். இடம் குறைவு, விரும்புவோர் அதிகம். ஆகவே விலை உயர்தல் இயல்பு. அந்த மிகைப் பணம் கள்ளச்சந்தைக்காரனைச் சேர்வதினும் பாடுபவனைச் சேர்வது நன்றன்றோ என்பர். இவ்வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. பாடகனும் உழைப்பாளியே, அவனது உழைப்புக்கு உயர்ந்த விலை கேட்க அவனுக்கு உரிமை உண்டு. ஆனால் அந்த விலையை முதலிலேயே வெளிப்படையாகக் கூறிவிட வேண்டும். கூறினால், இயலாதவன் வரிசைக்கு வாரான். அவனது அரைநாளும் அவனது நம்பிக்கையும் வீணாகா. குறைந்த விலையைக் காட்டி அழைத்து, காத்திருந்த களைப்பையே அவனுக்கு எதிரான நெருக்குதலாக்கி, மிகுந்த விலையை வாங்குவதுதான் பிழை.

ஈழநாட்டிலும் நமக்கு ஒரு பாடம் கிடைத்தது. 2024 பெப்ரவரி 9இல் யாழ்ப்பாணம் முற்றவெளியிலே பாடகர் ஹரிஹரனின் இசை நிகழ்ச்சி நடந்தது. பணம் செலுத்தியோருக்கு முன்னால் ஆசனங்களும், ஏனையோருக்குத் தடுப்புகளின் பின்னால் இடமும் ஒதுக்கப்பட்டிருந்தன. திரண்ட கூட்டம் தடுப்புகளைக் கடந்து முன்னே பாய, நிகழ்ச்சி இடையிலே தடைப்பட்டது. அடுத்த சில நாள் பத்திரிகைகளும் பொதுமக்களும் இதையே பேசினர். நம் இளைஞருக்கு ஒழுங்கு தெரியாது என்று சிலர் சினந்தனர். தடுப்பை உடைத்தது தவறே. அதற்குச் சமாதானம் கூறேன். பணம் கொடுத்து அமர்ந்திருந்தவரின் முறையை அவர்கள் அழித்தார்கள். ஆயினும் பெருங்கூட்டம் வருமென்று அறிந்தே எல்லோரையும் அழைத்துவிட்டு, மேடை தெளிவாய்த் தெரியாத தூரத்திலே பலரை நிறுத்துவதும் ஓர் அழைப்பாகுமா என்பதையும் நாம் கேட்டல் வேண்டும்.

கூத்துக் களரியைச் சுற்றி வளர்ந்த எங்களுக்கு இக்கேள்வி புதிதாகவே தோன்றும். மட்டக்களப்புக் கூத்திலே களரி வட்டமானது. நாற்புறமும் மக்கள் இருப்பர். பாய் கொண்டுவந்தவர் பாயிலும், ஏனையோர் மணலிலும் அமர்ந்து, மத்தளம் முழங்கத் தொடங்கியதுமுதல் விடியுமளவும் பார்ப்பர். வாயிலும் இல்லை, சீட்டும் இல்லை. ஆயினும் அந்தக் காலத்தை மிகைப்படப் புகழ்ந்து இந்தக் காலத்தை இகழ நான் விரும்பவில்லை. களரிக்கு வந்தது ஓர் ஊரும் அயலூருமே, மணலுக்கு எல்லையில்லை. இலட்சம் பேர் விரும்பும் பாடகனுக்கு அந்த முறை பொருந்தாது. மேலும், பழைய வரிசை எப்பொழுதும் நீதியான வரிசை என்றும் கூற முடியாது. எங்கள் பகுதிக் கோயில்களிலே குடிவழி நோக்கி மரியாதை வழங்கும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. இன்னார்க்கு முதலில், இன்னார்க்குப் பின்னர் என்பதைப் பிறப்பே தீர்மானித்த வரிசை அது.

அதனோடு ஒப்பிடும்போது, முன்வந்தவன் முன்னே, பின்வந்தவன் பின்னே என்னும் இந்தச் சாதாரண வரிசை எவ்வளவு உயர்ந்தது என்பது விளங்கும். அதிலே செல்வனும் வறியனும், அதிகாரியும் கூலியாளும் ஒரே நிலையினர். 2022ஆம் ஆண்டு எரிபொருள் இல்லாது இந்நாடு தவித்தபோது, மண்ணெண்ணெய்க்கும் பெற்றோலுக்கும் இராப்பகலாய் நின்றோம். அந்த வரிசைகளிலே மக்கள் பொறுத்திருந்தது இல்லாமையை. பொறுக்காதது, பின்வாயிலால் நிரப்பிச் செல்லும் வாகனத்தை. சச்சரவுகள் பெரும்பாலும் அங்குதான் மூண்டன. அவ்வாண்டு யூலையிலே ஒவ்வொரு வாகனத்துக்கும் தனிக் குறியீடு வழங்கி வாரத்துக்கு இவ்வளவு என்று பங்கிடும் முறை வந்தபின், எரிபொருள் பெருகாவிடினும் மனக்கொதிப்புத் தணிந்ததை நாம் கண்டோம். குறைவாகக் கிடைத்தாலும் தன் பங்கு தனக்குண்டு என்ற உறுதி மனிதனை அமைதிப்படுத்துகின்றது.

நுழைவுச் சீட்டுக்கும் இத்தகைய வழிகள் இல்லாமல் இல்லை. யப்பான் நாட்டிலே, நடத்துவோரின் இசைவின்றிக் குறித்த விலைக்கு மேலாகச் சீட்டை மறுவிற்பனை செய்து வாணிகம் நடத்துவதைத் தடுக்கும் சட்டம் 2019 யூனில் நடைமுறைக்கு வந்தது. இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி இசைவிழாவிலே வாங்குபவர் தம் நிழற்படத்தோடு முன்னரே பதிவு செய்தல் வேண்டும். ஒருவரின் சீட்டிலே மற்றொருவர் செல்ல இயலாது. மறுவிற்பனை மூலவிலையை மிஞ்சாதவாறு சட்டமியற்றப் போவதாக 2025 நவம்பரிலே பிரித்தானிய அரசும் அறிவித்தது. இவற்றால் எல்லோருக்கும் இடம் கிடைத்துவிடாது. கிடைக்காதவன் ஏன் கிடைக்கவில்லை என்பதை அறிவான், அவ்வளவே. அதுவே பெரிது. நம் நாட்டிலே பெரிய இசை நிகழ்ச்சிகள் பெருகிவரும் இக்காலத்திலே, எத்தனை இடம், எத்தனை சீட்டு, என்ன விலை என்பவற்றை விற்பனைக்கு முன்னரே வெளியிட வேண்டும் என்ற ஒரு விதியாயினும் நமக்கு வேண்டும்.

என் மாணவனுக்கு இவற்றையெல்லாம் அன்று எடுத்துரைத்தேன். பொறுமையோடு கேட்டான். அந்த விளம்பரக்காரரிடம் மூன்று மடங்கு கொடுத்து வாங்கினாயா என்று கடைசியில் வினவினேன்.

“இல்லை ஐயா. கூடப் படித்தவர்கள் கடன் தருவதாகச் சொன்னார்கள். நான் வாங்கினால், அடுத்த முறை வரிசையில் நிற்கும் வேறொருவனின் இடத்தையும் அவர் பிடிப்பாரல்லவா?” என்றான்.

அவன் அந்த நிகழ்ச்சிக்குப் போகவில்லை. வரிசை என்னும் சொல்லின் இரண்டாவது பொருளை அவனுக்குக் கற்பிக்க வேண்டிய தேவையும் எனக்கு இருக்கவில்லை.