குழாய்க்கு மறுவாழ்வு, தொழிலாளிக்கு நடுத்தெருவா?

"கொழுந்து பறித்தவனுக்கும் விஞ்ஞானத்துக்கும் என்ன சம்பந்தம்? தோட்டம் மூடியாயிற்று, மாஞ்சோலையை விட்டு இறங்கட்டும்!" என்று பேசும் கனவான்கள் உண்டு. அவர்களுக்கு ஊட்டியிலிருந்தே பதில் சொல்கிறோம்.

ஊட்டியில் டாட்டா ஆராய்ச்சி நிலையத்தின் 'கிரேப்ஸ்-3' கூடம் இருக்கிறது. வானிலிருந்து ஓயாமல் பொழியும் மியூவான் என்ற மின்னேற்றத் துகள்களை அது எண்ணுகிறது. கருவி என்ன? 6 மீட்டர் நீள இரும்புக் குழாய். உள்ளே வாயு, நடுவே மின்சாரம் ஏற்றிய மெல்லிய கம்பி. துகள் ஊடுருவினால் கம்பி துடிக்கும். இப்படி 3712 குழாய்கள். துகளின் சக்தியை அளப்பது எப்படி? குழாய்களின் மேல் 2 மீட்டருக்கு மேல் கான்கிரீட் அடுக்கு. பலவீனமான துகள் அதிலேயே நின்றுவிடும். தாண்டி வருவதற்குக் குறைந்தது 100 கோடி எலெக்ட்ரான் வோல்ட் சக்தி வேண்டும். களத்துச் சல்லடை போலத்தான்!

2014 டிசம்பர் 1 அன்று ஊட்டி மேல் ஒரு இடிமேகம் நின்றது. மேகத்தின் மின்சாரம் துகள்களின் சக்தியைக் குறைத்தது. எண்ணிக்கை 2 சதவீதம் சரிந்தது. அந்தச் சரிவைக் கொண்டே மேகத்தின் மின்னழுத்தம் 130 கோடி வோல்ட் என்று கணக்கிட்டு, 2019-ல் உலகுக்கு அறிவித்தார்கள்.

இந்தக் கருவியின் பூர்வீகம் எது? கோலார் தங்கவயல்! அங்கே பூமிக்கடியில் 2 கிலோமீட்டருக்கும் கீழே 1965-ல் நியூட்ரினோவின் தடயம் பிடிபட்டது. புரோட்டான் சிதைகிறதா என்று பார்க்க 1980-களில் அங்கே இரும்புக் குழாய்களை அடுக்கினார்கள். அந்த ஆழத்தைத் தோண்டியது யார்? வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் போய், பாறைத் தூசிக்கு நுரையீரலைக் கொடுத்த நம் தொழிலாளிகள் அல்லவா?

சோதனை முடிந்ததும் குழாய்களைப் பழைய இரும்புக்குப் போடவில்லை. ஊட்டி மலைக்கு ஏற்றினார்கள். நல்ல காரியம். பாராட்டுகிறோம். ஆனால் 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கத்தை மூடியபோது, தோண்டியவனுக்கு எந்த மலையில் இடம் வைத்தார்கள்?

அதே அநியாயந்தான் மாஞ்சோலையில்! 2028-ல் முடியும் 99 வருஷக் குத்தகை. காட்டைத் தோட்டமாக்கியவர்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்தவர்கள். 2024-ல் அவர்களிடம் 'விருப்ப ஓய்வு' என்று காகிதத்தை நீட்டி, வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். யாருடைய விருப்பம்?

தோழர்களே! விஞ்ஞானத்துக்கு நாம் விரோதிகள் அல்ல. அதன் அஸ்திவாரமே நம் உழைப்பு. இரும்புக்குக் கிடைத்த மறுவாழ்வு இரத்தமும் சதையுமான மனிதனுக்கும் வேண்டும். நிலம், வீடு, வேலை: இது பிச்சையல்ல, பாக்கி! வாங்கியே தீருவோம்!